என் மூக்கும் என் வீட்டுக்காரர் மானமும்

நான் குறட்டை விடுவேன்.

இந்த மூன்று சொல்லை வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நான் பட்ட பாட்டை நினைத்தால், ஊரைக் கூட்டி மைக் வைத்தே சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. (கடைசியில் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. மைக் மட்டும்தான் இல்லை.)

ஆண்கள் குறட்டை விட்டால் அது உழைத்த களைப்பு. ‘பாவம், மனுசன் அசந்து தூங்கறாரு’ என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார்கள். பெண் விட்டால் அது ஏதோ ஒழுக்கக் கேடு மாதிரி. அதிலும் நான் தமிழாசிரியை. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மறுநாள் கரும்பலகையில் என் படம் இருக்கும். வாயிலிருந்து புகையும் வரும்.

என்னுடையது சாதாரணக் குறட்டையும் இல்லை. லோடு ஏற்றிய லாரி ஏற்காடு மலையில் முதல் கியரில் ஏறுமாம். வளைவில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்குமாம். பிறகு முன்னைவிடப் பெரிய உறுமலோடு கிளம்புமாம். இந்த வர்ணனை என் வீட்டுக்காரருடையது. அவர் மோகனூரில் லாரிகளுக்கு டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். ஒடுங்கிய தகரத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிற தொழில். பெயர் செல்வராசு. ஆள் ஆறடி, கை இரண்டும் ஜாக்கி போல. ஆனால் வீட்டுக்குள் கரப்பான்பூச்சி வந்தால் அதை முறத்தில் ஏந்திக்கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருகிற மனிதர்.

கல்யாணமான புதிதிலிருந்தே ராத்திரி பாதியில் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே கட்டிலுக்குப் போய்விடுவார். காலையில் கேட்டால், “உள்ள புழுக்கமா இருந்துச்சு” என்பார். மார்கழி மாதத்திலும் அதையே சொல்வார். ஒருநாள் பட்டறையில் தூக்கக் கலக்கத்தில், லாரிக் கதவில் இறங்க வேண்டிய சுத்தியல் அவர் இடது கைக் கட்டைவிரலில் இறங்கியது. பெரிய கட்டோடு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கும் அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “சுத்தியலு வழுக்கிருச்சு” என்றார். எங்கள் மகள் இனியா, அப்போது இரண்டாம் வகுப்பு, அவள்தான் போட்டு உடைத்தாள். “அப்பா தூங்கவே மாட்டேங்கறாங்கம்மா. நீங்க நொம்ப சத்தம் போடறீங்க.”

அதற்குமேலும் ஒன்றுமில்லை என்று இருக்க முடியவில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போனோம். தூங்கும்போது வரும் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்துகொண்டு வரச் சொன்னார். இவர் பதிவு செய்தார். அடுத்த முறை டாக்டர் அதை ஓடவிட்டபோது வெளியில் இருந்த நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டாக்டர் என் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “உள்ள நடுச்சுவர் ஒரு பக்கமா வளஞ்சிருக்கு. வெளி எலும்பும் கோணல். சின்ன வயசுல அடி பட்டுச்சாம்மா?”

“எங்க அண்ணன் கிட்டிப்புள் அடிச்சாருங்க. புள்ளு என் மூக்குல வந்து நின்னுச்சுங்க.”

“உள்சுவரை நேராக்கிட்டு, வெளி எலும்பையும் தட்டி நிமித்திரலாம். குறட்டை மொத்தமா நிக்கும்னு சொல்லமாட்டேன், நல்லாக் குறையும்.”

அதுவரை மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த இவர் நிமிர்ந்தார். “தட்டித்தானுங்களா நிமித்துவீங்க?”

“ஆமாங்க.”

“சுத்தியலுங்களா?”

“சின்னதா இருக்கும்.”

“பட்டி வெச்சுத் தேய்க்க வேண்டி வருமுங்களா?”

தகரத்தின் மேடு பள்ளத்தை நிரவப் பூசுவதுதான் பட்டி. வேண்டியிருக்காது என்றார் டாக்டர். இவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

காலாண்டு விடுமுறையில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. யாரிடமும் சொல்வதில்லை என்பது என் கட்டளை. சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்றால் குறட்டை. பள்ளிக்கூடத்தில் சேலத்தில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டேன். என் அண்ணன் தங்கவேலுவிடம் அதையும் சொல்லவில்லை. அண்ணன் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். கம்ப்ரசர் ஓடுகிற இடத்திலேயே பேசிப் பழகியதால் அவர் ரகசியம் சொன்னாலும் நாலு தோட்டத்துக்குக் கேட்கும்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று கண்ணாடியில் பார்த்தேன். மூக்கின்மேல் ஒரு பிளாஸ்டர், லேசான உப்பல், அவ்வளவுதான். இதற்கா நர்ஸ் அத்தனை பயமுறுத்தினார் என்று நினைத்தேன். தலைக்கு உயரம் வைத்துச் சாய்ந்துதான் படுக்க வேண்டும், மட்டமாகப் படுத்தால் வீங்கும்; குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்; ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் வைக்கலாம், மூக்கின்மேல் வைத்து அழுத்தக் கூடாது; மூக்குக்கண்ணாடி போடவே கூடாது. “வீக்கம் மொதல்ல ஏறும், அப்பறம்தான் எறங்கும். கண்ணைச் சுத்திக் கன்னிப் போகும், பயப்படாதீங்க” என்று கடைசியாகச் சொன்னதைத்தான் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அடுத்தடுத்த காலைகளில் என் முகம் தன் வேலையைக் காட்டியது. கண் இரண்டும் கத்தரிக்காய். பிளந்தால் குழம்பு வைக்கலாம். இமைகளுக்கு நடுவே ஒரு கீறல் மாதிரி இடைவெளி. அதன் வழியாகத்தான் உலகம். கண்ணாடி போட முடியாததால் அந்த உலகமும் நனைந்த சுவரொட்டி போல. இவர் தன் தொழில் புத்தியைக் காட்டி, லாரிக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஒட்டுகிற தாள் டேப்பால் என் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஒட்டித் தொங்கவிட்டார். நன்றாகத்தான் தெரிந்தது. டேப்பை எடுக்கும்போது புருவத்தில் பாதி கூடவே வந்தது.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று வருடம் தவறாமல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். மூக்கை அடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. நான் சொல்கிறேன்: மெல்லினம் மொத்தமும் வல்லினமாகிவிடும். ‘நான்’ என்று சொன்னால் ‘தாட்’ என்று வந்தது. ‘மூக்கு’, ‘பூக்கு’ ஆனது. என் மகள் இனியா, ‘இடியா’. என் வீட்டுக்காரரை நான் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவது. அவர் அந்த நாட்களில் ‘பாபா’வாக இருந்தார். இனியாவுக்கு இது பெரிய விளையாட்டு. ஒரே நாளில் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு, நான் சொல்வதை அவள் அப்பாவுக்கு மொழிபெயர்த்தாள்.

“இடியா, பாபாவைத் தட்டீர் கொட்டுவரச் சொல்லு.”

“அப்பா, உங்களைத் தண்ணி கொண்டாரச் சொல்றாங்க.”

ஐஸ் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் விழும் ஐஸ் ஒரு கன்னத்துக்குக்கூடப் போதவில்லை. இவர் ஆற்றுமீன் விற்கிற கடையிலிருந்து ஒரு பெரிய கட்டியை வாங்கிவந்து உடைத்து, துணியில் சுற்றி, கன்னத்துக்குக் கன்னம் மாற்றி மாற்றி வைத்தார். எனக்குத்தான் வாசனை தெரியாதே. சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு, எவ்வளவு அக்கறையான மனிதர் என்று உருகிக்கொண்டிருந்தேன். மடியில் ஏதோ ஏறியது. தெருப்பூனை. அதைத் துரத்தினால் இன்னொன்று. சாயங்காலம் இனியா மூக்கைப் பொத்திக்கொண்டு, “அம்மா, உங்க மூஞ்சி கெண்டைமீனாட்ட நாறுது” என்று சொன்ன பிறகுதான் விவரம் தெரிந்தது.

இப்படி வாயால் மூச்சு விட்டு, உட்கார்ந்தே தூங்கி, நாக்கு வறண்டு, ரசத்துக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல், எப்போது இந்த முகம் எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று அலுத்துப்போய்க் கிடந்தபோதுதான் பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா வந்தார்.

கண்ணாடி நெற்றியில் இல்லாத நேரம். வாசலில் ஒரு சேலை நிறம்தான் தெரிந்தது. பட்டறையில் கணக்குப் பார்க்கும் பெண் என்று நினைத்து உள்ளே வரச் சொல்லிவிட்டேன். கிட்டே வந்த பிறகு பின்வாங்க முடியவில்லை.

“ஐயோ டீச்சரு! மூஞ்சி என்னாச்சு சாமி?”

யோசித்து வைத்திருந்த பதிலை மெல்லினம் இல்லாமல் சொல்லப் பார்த்தேன். “பாத்ரூப்புல வழுக்கிருச்சுக்கா.”

அக்கா என்னைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அதே காலையில் இவர் டீக்கடையில், கேட்டவர்களிடம், “ஸ்கூட்டில இருந்து உழுந்துட்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். (என்ன பொய் சொல்வது என்று நாங்கள் கலந்து பேசவில்லை. இரண்டு பேருக்கும் பொய்யில் பழக்கம் போதாது.) என் ஸ்கூட்டியோ ஒரு கீறல்கூட இல்லாமல் வாசலில் பளபளவென்று நின்றது. இவர் கையிலோ அந்தப் பழைய கட்டு. அது போதாதென்று, ருக்குமணியக்கா வீட்டுக்கு முறுக்கு தின்னப் போன இனியாவிடம் அக்கா நைசாகக் கேட்டிருக்கிறார்.

“ராத்திரியில உங்க ஊட்ல ஏதாச்சும் சத்தம் கேக்குமா சாமி?”

“ஆமாங்கத்தை. அம்மா நொம்ப சத்தம் போடுவாங்க. தெனமும்.”

“அப்ப அப்பா என்ன பண்ணுவாரு?”

“கோவமா எந்திரிச்சு வெளிய போயிருவாரு.”

ஒரு வார்த்தை பொய்யில்லை. ‘கோவமா’ என்பது மட்டும் முறுக்குக்காகச் சேர்த்தது.

அன்று மத்தியானம் அக்கா மறுபடி வந்தார். கையில் ஒரு சொம்பு இளநீர். இவர் வீட்டில் இல்லையென்று உறுதி செய்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“இன்னைக்கிக் கருநீலம். நாளைக்கு இன்னுங் கொஞ்சம் கீழ எறங்கிக் கன்னத்துக்கு வரும், பயந்துக்காத. பொறவு ஓரத்துல பச்சை கட்டும். மஞ்சளாயிருச்சுன்னா முடிஞ்சுதுன்னு வெச்சுக்க. மொதல்ல ஐஸ்தான் வெக்கோணும். வீக்கம் நின்ன பொறவு வெதுவெதுப்பா ஒத்தடம் குடு. சாஞ்சே படு, மட்டமாப் படுத்தா காலையில கண்ணு தொறக்காது.”

நர்ஸ் சொன்னது அவ்வளவும் அதில் இருந்தது. நர்ஸ் சொல்லாத நிறங்களும் இருந்தன. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமலே புரிந்துவிட்டது.

“அவுரு போய்ச் சேந்து வருசமாச்சு” என்றார் அக்கா, இளநீரைத் தம்ளரில் ஊற்றியபடி. “இன்னைக்கும் கண்ணாடி முன்னால நின்னா கை தானா கன்னத்துக்குப் போயிருது. என்ற பொறந்த ஊட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லலை. பாத்ரூம்ல வழுக்கிருச்சுன்னேன். நீ என்னையாட்டக் கம்முனு இருந்துறாத அம்மிணி.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ‘அக்கா, இது குறட்டைக்கு ஆபரேஷன்’ என்று ஒரு வரி. ஆனால் அவர் சொன்னதற்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைக்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. (பாதி துக்கம், பாதி வீக்கம்.) அக்கா அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

அக்கா பிறந்ததும் திருச்செங்கோட்டுப் பக்கம்தான். அவர் தோட்டத்துக்குப் போர் போட்டது என் அண்ணன் ரிக். அவரிடம் அண்ணன் நம்பர் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் அழைத்தார்; பக்கத்து ஊரில் போர் போட்டுக்கொண்டிருந்தாராம். நான் எடுத்திருக்கக் கூடாது.

“அம்மிணி! எப்படி இருக்கற? எங்கிட்ட மறைக்காமச் சொல்லு!”

“ஒட்டுபில்லட்டா” என்றேன். ஒண்ணுமில்லண்ணா என்பதுதான் அது.

“என்னது? வெட்டா? வெட்டுனானா?”

“இல்லட்டா, தல்லா இருக்கேட்!”

“தள்ளுனானா!”

“பாபா ஒட்டுப் பட்டலை அட்டா!”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றது. பிறகு யாரிடமோ சொல்வது கேட்டது: “அழுதுட்டே பேசறாடா. வாயே கொளறுது. வண்டிய எடு.”

நான் பதறிப்போய் இவரை ஃபோனில் பிடித்து, “பாபா, அட்டட் வாராரு” என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, வலி அதிகமாகிவிட்டது என்று நினைத்து, பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் புதிதாக ஒரு ஐஸ்கட்டியோடு ஓடிவந்தார். (இந்த முறை ஜூஸ் கடை ஐஸ்.) கட்டியை உடைக்கக் கையில் பட்டறைச் சுத்தியல். வாசல் திண்டில் துணியை விரித்து அவர் சுத்தியலை ஓங்கின நேரமும், அண்ணன் ஜீப் வந்து நின்ற நேரமும் ஒன்றாகிவிட்டது. நான் அவருக்குப் பக்கத்தில்தான் நாற்காலியில் சாய்ந்திருந்தேன்.

அண்ணன் இறங்கினார். அவருக்குப் பின்னால் ரிக்கில் குழாய் தூக்கும் ஆட்கள் இரண்டு பேர். அந்தக் கைகளைப் பார்த்தால் பூமியே வழிவிடும்.

“கீழ போடு மாப்ள அந்தச் சுத்தியலை!”

இவர் சுத்தியலைக் கீழே போட்டார். அது ஐஸ்கட்டியில் விழுந்தது. ஐஸ் தெறித்து ஆளுக்கொரு பக்கம் ஓடியது. “வாங்க மச்சான், சாப்பிட்டீங்களா?” என்றார். பழக்க தோஷம்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். முதல் வாரத்து முகம் அது, அறுவை செய்த டாக்டரே பார்க்கக் கூசுகிற முகம். போர் போட்டும் தண்ணீர் வராதவர்கள் அழுதபோதெல்லாம் கலங்காதவர், கண் கலங்கினார். மறுகணம் இவருடைய சட்டையைப் பிடித்தார்.

“பட்டறையில தட்டறது பத்தலைன்னு ஊட்லயும் தட்டிப் போட்டியா? தங்கமாட்டப் புள்ளையக் குடுத்தமே! கையில என்னடா கட்டு? அடிச்ச அடியில உன்ற கையே ஒடஞ்சுதா?”

“மச்சான், நான் சொல்றதக் கேளுங்க…”

“என்ன சொல்லுவ? ஸ்கூட்டியா, பாத்ரூமா?”

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். ஆறடி மனிதர், சட்டைப் பித்தான் தெறித்து, தெருவே வேலியோரம் கூடி நிற்க, ‘சொல்லட்டுமா?’ என்று என்னிடம் அனுமதி கேட்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான் போட்ட கட்டளை இன்னும் அமலில் இருந்தது அவருக்கு. அடி வாங்கினாலும் வாங்குவாரே தவிர, நான் சரி என்று சொல்லாமல் சொல்லமாட்டார்.

“எவன் பாத்துட்டுச் சும்மா இருப்பான்? எந் தங்கச்சி மூக்கை ஒடச்சவன் கைய ஒடைக்காம நான் போகமாட்டேன்!” என்று அண்ணன் கத்தினார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். “எட் பூக்கை உடைச்சது தீதாட் அட்டா!”

“என்ன சொல்றா இவ?”

இனியா முன்னால் வந்தாள். பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை படிக்கிற தோரணை. “அம்மா மூக்கை ஒடச்சது நீங்கதானாமுங்க.”

“நானா?”

“கிட்டிப்புள்ளு!” என்றேன். அந்தச் சொல்லில் எனக்குக் கெடுவதற்கு எழுத்து ஏதுமில்லாததால் தெருவுக்கே தெளிவாகக் கேட்டது.

அண்ணன் கை தளர்ந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் அவர் முகத்தில் வந்து போவதை என் வீங்கின கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் தெரு விடவில்லை. “அதுக்கு இப்ப எதுக்கு வீங்கோணும்?” என்று யாரோ நியாயமாகவே கேட்டார்கள்.

இனி வழியில்லை. மூச்சை இழுத்து, வாயால்தான், சொன்னேன். ஆபரேஷன் என்றேன். எதற்கு என்றார்கள். குறட்டைக்கு என்றேன். அந்தச் சொல்லிலும் மெல்லினம் இல்லை. எந்தச் சொல் யாருக்கும் புரியக் கூடாது என்று இத்தனை நாள் தவித்தேனோ, அது மட்டும் மணி மாதிரி வந்தது.

யாரும் நம்பவில்லை. “டீச்சராவது, கொறட்டையாவது. புருசனைக் காப்பாத்தறதுக்குச் சொல்லுது பாரு” என்று வேலிப் பக்கம் முணுமுணுத்தார்கள். ருக்குமணியக்கா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அவரும் அப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தவர்தானே.

“அப்பா, ஃபோனைக் குடுங்க” என்றாள் இனியா.

இவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதற்குள் அவள் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டாள். டாக்டருக்காகப் பதிவு செய்தது. சத்தத்தை முழுதாக ஏற்றி, தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

லாரி ஏற்காடு ஏறியது. வளைவில் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது மறுபடி கிளம்பினபோது மாட்டுக்கொட்டகையில் ஒரு கன்று பதில் கொடுத்தது.

ரிக் ஆட்களில் ஒருவர்தான் முதலில் பேசினார். “இது நம்ம கம்ப்ரசராட்டவே இருக்குதுங்கண்ணா. ஆயில் மாத்தாத போது இப்பிடித்தான் வரும்.”

தெரு சிரித்தது. நான் சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும். அழவும் கூடாது, வீங்கும். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஐஸ் துணியை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ருக்குமணியக்கா வேலிக்கல்லில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு எழுந்துவந்து இவரிடம், “தப்பா நெனச்சுப் போட்டேன் சாமி. மனசுல வெச்சுக்காத” என்றார்.

“அதெல்லாமில்லீங்கக்கா” என்றார் இவர், தெறித்த பித்தானைத் தேடியபடி. “நெசமாவே நான் அப்பிடி ஆளா இருந்திருந்தா, அவளுக்குன்னு கேக்க நீங்க ஒருத்தர் வந்தீங்களே.”

அண்ணன் இவருடைய கசங்கிய சட்டையை நீவிவிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். என் பக்கத்தில் வந்து நின்று, “அந்தப் புள்ளு காத்துல திரும்பிருச்சு அம்மிணி, நான் வேணும்னே அடிக்கலை” என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். பிறகு வெளிக்கட்டிலில் சற்றுக் கண்ணயர்ந்தார். அவ்வளவுதான். ஓடு அதிர்ந்தது. ஃபோன் பதிவு அதற்கு முன்னால் தாலாட்டு. ரிக் ஆட்கள் மட்டும் ஒன்றுமே கேட்காதது போல ஜீப் நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் கட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல மனிதர்.

எனக்குப் பச்சை கட்டியது, மஞ்சள் வந்தது, அக்கா சொன்ன வரிசை தப்பவில்லை. பள்ளி திறந்தபோது கண்ணுக்குக் கீழே லேசான மஞ்சள் மட்டும் மிச்சம். கல்யாண வீட்டு மஞ்சள் என்று சொல்லிச் சமாளித்தேன். உள்வீக்கம் வடிய இன்னும் சில மாதம் ஆனது. ‘தாட்’ மறுபடி ‘நான்’ ஆனது. குறட்டை நின்றுவிடவில்லை; லாரி இப்போது சமதரையில் போகிறதாம். இவர் வீட்டுக்குள் தூங்குகிறார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறு வருடம் என் அண்ணி, அண்ணனை இழுத்துக்கொண்டுபோய் அதே அஸ்தம்பட்டி டாக்டரிடம் உட்காரவைத்தார். அண்ணனுக்கும் அதே வளைவு, அதே சுத்தியல், அதே கத்தரிக்காய். திருச்செங்கோட்டில் போர் போடுகிறவர்கள், லாரிக்காரர்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். ‘ரிக்கு தங்கவேலு மேலயே கை வெச்சது யாரு?’ குறட்டைக்கு ஆபரேஷன் என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. ஜீப்பில் ஆள் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் இறங்கிய கதை ஊருக்கு ஏற்கெனவே தெரியும். அதன் முடிவு மட்டும் தெரியாது. அண்ணன் யோசித்திருக்கிறார். யோசித்துவிட்டு, “நம்ம மோகனூரு மாப்ளதான் ஒண்ணு போட்டாரு. தப்பு எம் மேலதான்” என்று சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு எங்கள் சொந்தத்தில் தனி மரியாதை. விசேஷத்துக்குப் போனால் இளவட்டங்கள் எழுந்து நாற்காலி கொடுக்கிறார்கள். சீட்டாட்டத்தில் தகராறு வந்தால், “மோகனூராரைக் கூப்புடட்டுமா?” என்றால் அடங்கிவிடுகிறார்களாம். இவர் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு பந்தியில் போய் உட்காருவார். இலையில் ஓடும் எறும்பை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார். “பாத்தியா, எவ்வளவு அடக்கம். ஆனாக் கைய ஓங்குனா ஒரே அடிதானாம்” என்று பின் வரிசையில் பேசுவது என் காதில் விழும். அண்ணன் எதிர்ப் பந்தியிலிருந்து, உண்மையைச் சொல்லிவிடாதே என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்.

நான் திரும்பிச் சொல்வதில்லை. சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது.